தலை தீபாவளிக்குத் தங்க நட்டு

பாத்துங்க, கால்ல போட்டுக்காதீங்க. இப்படிக் குடுங்க, நானே மடியில வெச்சுக்கறேன். கனக்குதுங்களா? தூக்குப்போசியப் பாத்துட்டு, பெருசு அஞ்சு பேருக்குச் சோறு கட்டிக்கிட்டுப் போகுதாட்டம் இருக்குதுன்னு நெனச்சிருப்பீங்க. சோறில்லீங்க, நட்டு. கார் சக்கரத்துக்குப் போடற நட்டு. சக்கரத்துக்கு அஞ்சு, நாலு சக்கரத்துக்கு இருபது. மொத்தமும் உள்ளதான் இருக்குது.

இந்தப் பக்கம் பேப்பர் சுத்தி நீட்டமா ஒண்ணு இருக்குதே, அது என்னன்னு இப்பக் கேக்காதீங்க. பொறவு சொல்றேன்.

நீங்க இந்த பஸ்ஸுல செட்டிபாளையம் வரைக்குமுங்களா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். அங்க ரேஸ் மைதானம் இருக்குதில்லீங்க, இன்னைக்கு அங்க கார் ஓட்டறாங்க. முட்டி மோதற போட்டி இல்லை. ஒவ்வொரு காரா விட்டு, யாரு சீக்கிரம் சுத்தி வர்றாங்கன்னு கடிகாரம் வெச்சுப் பாப்பாங்களாம். அதுல என்ற மாப்பிள்ளை காரும் ஓடுது. கார் வெச்சிருக்கற மாப்பிள்ளை இருக்கறப்ப மாமனார் ஏன் காந்திபுரத்துல டவுன் பஸ்ஸுக்கு நின்னான்னுதான பாக்கறீங்க? பேச்சு வார்த்தை இல்லீங்க. தீபாவளி நோம்பி முடிஞ்சு ஒரே வாரத்துல நின்னு போச்சு. இன்னைக்கு மாசி பாதி ஆகுது.

நடந்ததைச் சொல்றேன். நீங்க வேத்து மனுசன், நீங்களே ஒரு நாயம் சொல்லுங்க.

என்ற பேரு சென்னியப்பன். கணபதியில லேத்துப் பட்டறை. முப்பத்தோரு வருசமா நட்டு, போல்ட்டு, பம்புக்கு வேண்டிய சாமான். பெருமைக்குச் சொல்லலீங்க, நட்டு விசயத்துல எங்கிட்ட ஒருத்தன் வாயத் தொறக்க முடியாது. கண்ணைக் கட்டிப்போட்டுக் கையில ஒரு நட்டைக் குடுங்க, என்ன அளவு, என்ன திருகு மரைன்னு தடவிப் பாத்தே சொல்லிருவேன். பெருமைக்குச் சொல்லலீங்க.

எனக்கு ஒரே பொண்ணு, கோகிலவாணி. மெக்கானிக்கல் எஞ்சினீயர் படிச்சா. ஊர்ல எத்தனை படிப்பு இருக்குது, இது ஏன் அதைப் போயிப் புடிச்சுதுன்னு எனக்கு இன்னைக்கும் புரியலீங்க. படிச்சு முடிச்ச மறுநாளே, "ஏனுங்ப்பா, நான் பட்டறைக்கு வரட்டுங்களா"ன்னு வந்து நின்னா. "அம்மிணி, கிரீஸ் புடிச்ச கைய எந்த மாப்பிள்ளை வந்து புடிப்பான்? பட்டறை வாசப்படி மிதிக்கற வேலையே வேண்டாம்"னு சொல்லிப்போட்டேன். நல்லதுக்குத்தானுங்களே சொன்னேன்? பொறவு ஏதோ கம்பெனிக்குப் போறா. கம்ப்யூட்டர்ல படம் போடற வேலை. என்ன படம்னு நான் கேட்டதில்லை.

மாப்பிள்ளை தரணிதரன் பல்லு டாக்டர். வடவள்ளியில கிளினிக்கு. தங்கமான மனுசனுங்க, அதை மறைக்கக் கூடாது. அதுந்து ஒரு பேச்சுப் பேச மாட்டாரு. ஆனா ஆருக்கும் ஒரு கிறுக்கு இருக்குமில்லீங்களா, அவருக்குக் காரு கிறுக்கு. பழைய ஜப்பான் காரு ஒண்ணு, செக்கச் செவேல்னு. பாத்தாத் தீப்பெட்டியாட்டம் இருக்கும், மிதிச்சா நாலு தெருவுக்குக் கேக்கும். கல்யாணம் ஆன மறுமாசமே வாங்கிப்போட்டாரு.

இதுல வேடிக்கை என்னன்னா, அத்தனை ஆசையா வாங்குன காரை அவரு ஓட்டி நான் ஒரு தடவ கூடப் பாத்ததில்லை. எப்ப வந்தாலும் ஸ்டீரிங்குல பொண்ணுதான். நாளெல்லாம் பல்லுப் புடுங்கி மனுசனுக்குக் கை வலி, அதான் பொண்டாட்டியை ஓட்டச் சொல்றாருன்னு நான் வசந்தாமணிகிட்டச் சொன்னேன். வசந்தாமணி என்ற ஊட்டுக்காரி. அவ என்னைய ஒரு பார்வை பாத்தா. மாப்பிள்ளை பக்கத்து சீட்டுல உக்காந்து, மேல இருக்கற கைப்புடிய ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டு, கண்ணை இறுக்க மூடிக்கிட்டு வருவாரு. வேகத்தை அப்படி அனுபவிக்கறாருங்க! எறங்குன உடனே சட்டை ஜோப்புல இருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நாலு தடவ மோந்து பாத்துக்குவாரு. டாக்டருங்க, ஏதாச்சும் காரணம் இருக்கும்.

ஆடி விருந்துக்கு ரெண்டு பேரும் வந்தாங்க. எலை போட்டு எல்லாரும் உக்காந்தப்ப நான் பேச்சை எடுத்தேன். "மாப்ள, தலை தீபாவளிக்கு மோதிரம் எந்த டிசைன்ல போடட்டும்?"

அவரு பொண்ணைப் பாத்தாரு. பொண்ணு சாம்பாரைப் பாத்தா.

"மோதிரம் வேண்டாங்க மாமா. வேலை செய்யறப்பக் கையுறை கிழிஞ்சு போகும். அதுக்குப் பதிலா..." மறுபடி பொண்ணைப் பாத்தாரு. "சக்கரம் வாங்கிக் குடுத்தீங்கன்னா..."

"என்ன சக்கரம் மாப்ள? தீபாவளிக்குத் தரையில விட்டுச் சுத்துமே, அதுங்களா?"

"காருக்குங்க மாமா. அலாய் வீல். பதினாறு இஞ்ச்... அகலம் வந்து..." மனுசனுக்கு வேர்த்துப் போச்சு. 

பொண்ணு தலையத் தூக்காமயே, "அகலம் ஏழு. ஒண்ணு எட்டு கிலோவுக்கு மேல போகக் கூடாது"ன்னா.

புருசனோட ஆசையை எப்படி மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கறா பாருங்கன்னு எனக்குப் பூரிப்பாப் போச்சு. நல்லா வளத்திருக்கறோம்னு நெனச்சேன்.

சக்கரத்துக்குச் சரின்னுட்டேன். ஆனா வசந்தாமணி விடலை. "தலை தீபாவளிக்கு மாப்பிள்ளைக்குக் குண்டுமணித் தங்கம் போடாம அனுப்புனா சம்பந்தியம்மா நாளைக்கு என்ன பேசுவாங்க? மாமனார் ஊட்டுச் சீர் என்னன்னு ஒறம்பரை சொந்தக்காரங்க கேட்டா, ரப்பர்னா சொல்லுவாரு?"ன்னு புடிச்சுக்கிட்டா. அவ சொல்றதும் நாயந்தான். ராத்திரியெல்லாம் ரோசனை பண்ணுனேன். காலையில எந்திரிக்கறப்பத் தோணுச்சுங்க. சக்கரம்னா நட்டு வேணும். நட்டுன்னா நான் இருக்கறேன். கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைவாங்களா? இருபது நட்டும் என்ற கையால கடைஞ்சு, இருபதுக்கும் தங்க முலாம் பூசிக் குடுத்துட்டா? சக்கரமும் ஆச்சு, தங்கமும் ஆச்சு. கோயமுத்தூர்ல எந்த மாமனாரு குடுத்திருக்கறான், சொல்லுங்க?

அவங்க காப்பி குடிக்கறதுக்குள்ள வெளிய போயி, அந்தச் சிவப்புக் கார் சக்கரத்துல ஒரு நட்டைக் கழட்டி, மைக்ரோமீட்டர்ல அளந்து, படம் போட்டுக்கிட்டு, திருப்பி மாட்டிப்போட்டு வந்துட்டேன். ஆருக்கும் தெரியாது. சக்கரத்து ஓட்டையில போயி உக்காரும் பாருங்க, நட்டோட அடிப்பக்கம், அது அந்த நட்டுல கோலிக்குண்டாட்டம் உருண்டையா இருந்துச்சு. அந்த உருண்டைய முதக்கொண்டு மயிரிழை பிசகாம எடுத்தேன். ரெண்டு மாசம் ராப்பகலா அதே வேலை. ஒவ்வொரு நட்டுத் தலையிலயும், எழுத்து வெட்டுன இரும்பு அச்சு, பஞ்சுன்னு சொல்லுவோம், அதை வெச்சு "டி"ன்னு ஒரு எழுத்து அடிச்சேன். டி, தரணிதரன். பொறவு முலாம் பூசறவங்ககிட்டக் குடுத்தேன். வாங்கிக்கிட்டு வந்து சாமி ரூம்புல வெச்சப்ப, பட்டறையில செஞ்ச சாமான்னு ஒருத்தனும் சொல்ல மாட்டான். அட்டிகைக்குப் பக்கத்துல வெச்சாக் கூட எடுக்குமுங்க.

தீபாவளி அன்னைக்கு எண்ணெய் தேச்சுக் குளிச்சு, புதுத்துணி உடுத்தி, சம்பந்தி ஊட்டுக்காரங்களெல்லாம் நிக்கறாங்க. வெள்ளித் தட்டுல வெத்தலை, பாக்கு, மஞ்சள், நடுவுல இருபது தங்க நட்டு. சம்பந்தியம்மா ஒண்ணைத் தூக்கிப் பாத்து, "கனமாத்தான் செஞ்சிருக்கீங்க"ன்னாங்க. என்ற ஊட்டுக்காரி மூஞ்சி அப்படி மலந்து நான் பாத்ததில்லை.

வாசல்ல புதுச் சக்கரம் நாலும் டயரோட இருக்குது. மாட்டறதுக்கு உக்காந்தோம். அப்பப் பாத்துப் பொண்ணு வந்து நட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. பாத்துட்டுப் புதுச் சக்கரத்து ஓட்டைக்குள்ள விரலை விட்டுத் தடவுனா. "ஏனுங்ப்பா, இது அடியில உருண்டையா இருக்குதுங். புது வீலு ஓட்டை சரிவா இருக்குது. இதுக்குக் கூம்பு நட்டு வேணுமுங்ப்பா"ன்னா.

நல்ல நாளும் அதுவுமா, அத்தனை பேர் முன்னால! "அம்மிணி, நான் நட்டுக் கடையறப்ப நீ தொட்டில்ல கெடந்தவ. எண்ணெய் தேச்சுக் குளிச்ச கையில கிரீஸைத் தொடாத. உள்ள போயிப் பலகாரம் எடுத்து வை"ன்னேன்.

அவ நகரலை. "செரிங்ப்பா. எம்பது கிலோமீட்டர் ஓட்டுனதும் ஒருக்கா மறுபடி முறுக்கோணும், அதையாச்சும்..."

"சென்னியப்பன் முறுக்குன நட்டை இன்னொருத்தன் மறுபடி முறுக்கறதா? போ அம்மிணி."

உள்ள போயிட்டா. அவ போனப்ப மாப்பிள்ளை மூஞ்சி என்னமோ ஒரு மாதிரி ஆச்சு. மொத நட்டை மாப்பிள்ளைதான் முறுக்கோணும்னு ஸ்பேனரைக் கையில குடுத்தேன். பல்லுப் பாக்கற கண்ணாடியப் புடிக்கறாப்பல ரெண்டு விரல்ல புடிச்சாரு. காரு மேல அவ்வளவு உசுரு வெச்சிருக்கற மனுசன் ஒரு ஸ்பேனர் புடிக்கத் தெரியாம இருக்கறாரேன்னு எனக்கே சங்கடமாப் போச்சு. மிச்சத்தை நானே ஸ்பேனர் மேல கால வெச்சு மிதிச்சு முறுக்குனேன். அளவெல்லாம் எதுக்குங்க, என்ற காலே அளவு.

அடுத்த நாளு பொள்ளாச்சியில அவரோட அத்தை ஊட்டுக்குப் போறோம்னு ரெண்டு பேரும் கெளம்புனாங்க. வெயில்ல அந்தத் தங்க நட்டு சுத்தற அழகைத் தெரு முக்கு வரைக்கும் நின்னு பாத்தேன்.

இப்ப வருதுங்க வினை. ஒரு வாரம் கழிச்சு, சொல்லாமக் கொள்ளாம வடவள்ளிக்குப் போனேன். சொல்லாம ஏன் போனேன்? நட்டைப் பாக்கத்தான். மறைக்கறதுக்கு என்ன இருக்குது. வாசல்ல காரு நிக்குது. புதுச் சக்கரம் இருக்குது. தங்கம் இல்லை. எவனோ கடையில வித்த கறுப்பு நட்டு இருபது, கரியப் பூசுனாப்பல உக்காந்திருக்குது.

உள்ள போனா, ஷோகேஸுல இருக்குதுங்க என்ற நட்டு! டாக்டர் ஊட்டுல புடுங்குன பல்லைப் போட்டு வெக்கறாப்பல, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பொடிக் கவர்ல. கவருக்குள்ள ஏதோ துண்டுச் சீட்டு வேற. நான் எங்க அதைப் படிக்கறது, கண்ணுல தண்ணி வராத கொறை. "மாப்ள, என்ன இது?"ன்னு கேட்டேன்.

"நான்தானுங்க மாமா கழட்டுனேன். தங்கக் கலரு... கண்ணைக் கூசுது"ன்னாரு.

பொண்ணு சமையக்கட்டுக் கதவு நெலவுல சாஞ்சு நிக்கறா. கையில பழந்துணி. கையெல்லாம் எண்ணெய். பலகாரம் சுட்டிருப்பா போலன்னு நெனச்சேன். எண்ணெய் கறுப்பா இருந்துச்சு.

வசந்தாமணி கட்டிக் குடுத்த முறுக்கை மேசை மேல வெச்சுப்போட்டு, கை நனைக்காம வந்துட்டேன். தண்ணி கூடக் குடிக்கலை. பொண்ணு வாசக் கேட்டு வரைக்கும் பின்னாலயே வந்தா, "அப்பா, சாப்பிட்டுட்டுப் போங்ப்பா"ன்னு. நான் திரும்பலை. நீங்களே சொல்லுங்க, ரெண்டு மாசம் ராப்பகலாக் கடைஞ்சது. மாப்பிள்ளைக்குக் கண்ணைக் கூசுதாம்!

அதோட போக்குவரத்து நின்னு போச்சு. பொண்ணு போன் பண்ணுவா, நான் எடுக்க மாட்டேன். பொங்கச் சீருக்கு நான் போகலை. வசந்தாமணி மட்டும் கரும்பும் பானையும் எடுத்துக்கிட்டுத் தனியாப் போனா. சாயங்காலம் வந்தவ ஒரு பொட்டணத்தைக் கொண்டாந்து என்ற முன்னால டொப்புன்னு வெச்சா. "உங்க தங்கத்தை நீங்களே வெச்சுக் கும்பிடுங்க. அவங்களுக்குத் தெரியாம எடுத்தாந்துட்டேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாருங்க"ன்னா. எதுக்குக் கண்ணாடின்னேன். "மூஞ்சியில ரெண்டு கண்ணு இருந்தும் பிரயோசனமில்லை, அதுக்குத்தான்"னுட்டு உள்ள போயிட்டா. வாய்க்கொழுப்பு. அந்தப் பொட்டணத்தை நான் ரெண்டு வாரம் தொடலை. தைப்பூசத்தன்னைக்குப் பட்டறை லீவு. ஆரும் இல்லை. பிரிச்சுப் பாத்தேன்.

உங்களுக்கு எப்படிச் சொல்றது? பட்டறையில ரெண்டு சாமான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி உக்காருதான்னு பாக்கோணும்னா நீலச் சாயம் தடவி அழுத்திப் பாப்போம். ஒட்டுன எடத்துல சாயம் அழிஞ்சு போயிரும். ஒட்டாத எடத்துல அப்படியே நிக்கும். இங்க சாயத்துக்குப் பதிலாத் தங்கமுங்க. நட்டு சரியா உக்காந்திருந்தா அடிப்பக்கம் பூராவும் தங்கம் தேஞ்சிருக்கோணும். தேயலை. தலைமயிராட்டம் ஒரே ஒரு வளையக் கோடு. அந்தக் கோட்டுல மட்டும் தங்கம் போயி இரும்பு தெரியுது. மத்த எடமெல்லாம் பளபளன்னு பூசுனது பூசுன மாதிரியே.

புரிஞ்சுதுங்களா? புதுச் சக்கரத்து ஓட்டை கூம்பு. என்ற நட்டு உருண்டை. கூம்புக்குள்ள குண்டு வெச்சா ஒரு கோட்டுல தவிர வேற எங்க ஒட்டும்? நான் பழைய நட்டை மயிரிழை பிசகாம அளந்தேன். புதுச் சக்கரத்தை ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, விரலை விட்டுத் தடவிப் பாக்கலை. முப்பத்தோரு வருசமுங்க! லேத்துக்கு மொத நாள் வர்றவனுக்குச் சொல்லிக் குடுப்போம், நட்டு எங்க போயி உக்காரப் போகுதுன்னு பாக்காம நட்டைக் கடையாதேன்னு.

பொறவுதான் அந்தத் துண்டுச் சீட்டுகளைப் படிச்சேன். "முன் இடது, ஒண்ணு. அரைச் சுற்று தளர்வு." "முன் இடது, ரெண்டு. முக்கால் சுற்று தளர்வு." அப்படியே வரிசையா இருபதுக்கும். ஒண்ணுல, "பொள்ளாச்சி ரோடு, 46 கி.மீ., சத்தம் கேட்டு நிறுத்தினது"ன்னு இருந்துச்சு. இன்னொண்ணுல, "முன் இடது, நாலு. விரலாலேயே கழன்றது"ன்னு. எல்லாச் சீட்டுலயும் எழுத்து அச்சடிச்சாப்பல இருக்குது. அந்த ஒரு சீட்டுல மட்டும் கோணிக்கிட்டுப் போயிருந்துச்சுங்க.

பட்டறைத் தரையிலயே உக்காந்துட்டேன். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாதுங்கறது எங்களுக்கெல்லாம் சாமி வாக்கு மாதிரி. என்ற ஒரே பொண்ணு போன தேரை நானே அச்சாணி இல்லாம அனுப்பியிருக்கறேன். அதுவும் தங்கம் பூசி, தட்டுல வெச்சு, வெத்தலை பாக்கோட. அவ காதுல அந்தச் சத்தம் விழலைன்னா என்ன ஆகியிருக்கும்? இன்னைக்கு உங்ககூட இப்படிப் பேசிக்கிட்டு உக்காந்திருப்பனுங்களா?

அந்தக் கையெழுத்தா? பொண்ணு கையெழுத்துத்தான். பள்ளிக்கூடத்து நோட்டுல இருந்து பாக்கறேனே. மாப்பிள்ளை சொல்லச் சொல்ல எழுதியிருப்பா. பல்லு டாக்டருக்கு நட்டோட தளர்வு எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? பல்லும் ஆடுமில்லீங்க. இத்தனை ஆடுனாக் கட்டலாம், இத்தனை ஆடுனாப் புடுங்கோணும்னு அவங்களுக்குத் தெரியாதா? சிரிக்காதீங்க.

எதுக்கும் பாத்துருவோம்னு மறுநாளே அந்தச் சக்கரம் வாங்குன கடைக்குப் போனேன். கூம்பு எத்தனை டிகிரின்னு கேக்கத்தான். அறுபது டிகிரின்னான் கடைக்காரன். சொல்லிட்டு, "ஓ, வாணி மேடத்தோட அப்பாங்களா"ன்னான். மேடம் தீபாவளிக்கு ரெண்டு மாசம் முன்னாலயே வந்து, ஒவ்வொரு சக்கரமா எடை போட்டு, தட்டிப் பாத்து, ஓட்டையெல்லாம் அளந்து எடுத்துக்கிட்டாங்களாம். "சாருக்கு ரப்பர் வாசம் ஆகாது. வெளிய மரத்தடியில நின்னாரு, பாவம்"னான். அவனுக்கு வயசாயிருச்சுங்க. நாளைக்கு நூறு பேரு வந்து போற எடத்துல ஆரு மேடம், ஆரு சாருன்னு கொழப்பிக்கிட்டிருப்பான். அப்படித்தான் நான் வசந்தாமணிகிட்டச் சொன்னேன். அவ, "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதுக்கு எலையாவது பெருசா இருக்கோணுமுங்க"ன்னா.

போத்தனூர் தாண்டிட்டமுங்களா? அப்பச் சீக்கிரம் முடிச்சிருவேன்.

இந்தப் போசியில இருக்கறது புது நட்டு. தொறந்து பாருங்க. நல்ல இரும்பு, பதம் வெச்சது, அடி அறுபது டிகிரிக் கூம்பு. அந்தக் கடையில ஒரு பழைய சக்கரம் வாங்கியாந்து, ஒவ்வொரு நட்டையும் நீலச் சாயம் தடவி அதுல உக்கார வெச்சுப் பாத்துட்டேன். பூராவும் ஒட்டுது. முலாம் கிலாம் ஒண்ணும் இல்லை. கறுப்புத்தான். கண்ணைக் கூசாது.

தலையில எழுத்து இருக்குதுங்களா? ஆமாங்க, கே. டி இல்லைங்க, கே. ஏன்னு கேக்கறீங்களா? டி பஞ்சு மழுங்கிப் போச்சு. மழுங்குன பஞ்சுல அடிச்சா எழுத்துத் தெளிவா விழாது. அதான் கைக்குக் கெடைச்ச பஞ்சுல அடிச்சேன். இருபத்தாறு எழுத்துல கேதான் கைக்குக் கெடைச்சுதான்னு வசந்தாமணியும் கேட்டுப்போட்டா. ஊரெல்லாம் இதே கேள்வி!

இன்னைக்கு இங்க வண்டி ஓடுதுன்னு அவதான் சொன்னா. "போனாப் போங்க, போகாட்டி விடுங்க, ஒம்பது மணி பஸ்ஸு"ன்னு. காலையில நான் எந்திரிக்கறதுக்குள்ள போசியக் கழுவிக் கவுத்து வெச்சிருந்தா.

அந்தா, வளைவு வருது. ஒரு ஒத்தாசை பண்ணுங்க. எனக்குத் தூரப் பார்வை அவ்வளவாத் தெரியறதில்லை, நீங்க ஜன்னலோரம் இருக்கறீங்க. மைதானத்துக் கேட்டுகிட்டச் சிவப்புக் காரு நிக்குதுங்களா? நிக்குதுங்களா, செரி. வெளிய ஒருத்தரு குடையப் புடிச்சுக்கிட்டு, மூக்குகிட்ட எலுமிச்சம்பழத்தை... அவரேதானுங்க. டாக்டரு. இப்ப நல்லாப் பாத்துச் சொல்லுங்க. ஓட்டற சீட்டுல ஆரு உக்காந்திருக்கறது?

பொண்ணுங்களா.

தலையில ஹெல்மெட்டு. கையுறை. ம்.

தெரியுமுங்க. எனக்குத் தெரியும். அந்தத் துண்டுச் சீட்டைப் படிச்ச அன்னைக்கே தெரியும். ஆடி விருந்துல அவ சாம்பாரைப் பாத்தப்பவே தெரிஞ்சிருக்கோணும். கார் அவளுது, சக்கரம் அவ கேட்டது. நேரா எங்கிட்டக் கேட்டா நான் வாங்கித் தர மாட்டேன்னு அந்த மனுசனைக் கேக்க வெச்சிருக்கறா. அப்பனோட நட்டுக் கழண்டுதுன்னு தெரிஞ்சா அப்பன் ஒடைஞ்சு போயிருவான்னு, கண்ணைக் கூசுதுன்னு அவரு பழியத் தலையில போட்டுக்கிட்டாரு. எல்லாந் தெரியுமுங்க. வாயில வர மாட்டேங்குது. அறியாத மனுசன் ஒருத்தரு வாயால ஒருக்காக் கேட்டுப்போட்டா, பொறவு எனக்கும் வரும்னு நெனச்சேன். என்ற பொண்ணு கோகிலவாணியோட காரு. பாத்தீங்களா, வருது.

கண்டக்டர், எறக்கம் இருக்குது! போசிய இப்படிக் குடுங்க.

பேப்பர் சுத்துனது என்னன்னு நீங்க கேக்கவே இல்லையே? டார்க் ரென்ச்சுங்க. இத்தனை முறுக்குனாப் போதும்னா டக்குன்னு சத்தம் குடுத்துச் சொல்லிரும். காலே அளவுன்னு இருந்தவன் போன வாரம் போயி வாங்குனேன். இன்னைக்கு அவளே முறுக்கட்டும், நான் பக்கத்துல நின்னு பாத்துக்கறேன். முறுக்கி முடிச்சதும் இதைத் திருப்பி வாங்கிக்கிட்டுப் போயிருவேன். எம்பது கிலோமீட்டர் ஓட்டுனதும் மறுபடி முறுக்கோணுமில்லீங்களா? அவகிட்டச் சொந்தமா ஒண்ணு இருக்கும், இருந்தா இருக்கட்டும். என்ற நட்டை என்ற ரென்ச்சுலதான் முறுக்கோணும்னு கண்டிசனாச் சொல்லிப்போடுவேன். ரென்ச்சு பட்டறையில ஆணியில தொங்கும். வேணும்னா வாசப்படிய மிதிச்சு உள்ள வந்து எடுத்துக்கட்டும்.